மாத்திரை தவறவில்லை, பிரஷர் இறங்கவில்லை: பென்னாகரம் வட்டாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில், மானாவாரிக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு குக்கிராமம். அங்கே வசிக்கும் 56 வயதுப் பெண்மணியைப் பற்றியது இது. ஊர்ப் பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மகன் ஓசூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில் வந்து போவார். வீட்டில் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும். ஒன்றரை ஏக்கரில் ராகி, ஊடே அவரை, மழை பார்த்துக் கொஞ்சம் நிலக்கடலை. ஒரு கறவை மாடு. அதுபோக நூறு நாள் வேலை. ஆறு ஆண்டுகளாக பிரஷர் இருக்கிறது. மூட்டுவலியும் இடுப்புவலியும் அதற்கும் முன்பிருந்தே இருப்பவை. அவற்றை நோய் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவர் உட்பட. 'இந்தப் பக்கத்துல யாருக்கு சாமி வலி இல்ல?' என்பார்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சூளகிரி அருகே சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டம் வந்த பிறகு இவருக்கு மாத்திரை வாங்க பஸ் ஏற வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மாதா மாதம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, ஏட்டில் எழுதிவிட்டுப் போவார். துணை சுகாதார நிலையச் செவிலியராக அந்த ஏட்டைப் பார்ப்பது என் வேலை.

ஏட்டில் தெரிந்தது

தொடர்ந்து சில மாதங்கள் எண்கள் ஒரே இடத்தில் நின்றன. 170/100, 166/98, 174/102. ஆரம்பத்தில் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை 5 மில்லிகிராம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதை 10 ஆக்கினார்கள். அப்புறம் எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்ந்தது. எண்கள் அசையவில்லை.

இப்படி வரும்போது எல்லோருக்கும் முதலில் எழும் சந்தேகம், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்பதுதான். பாதிப் பேர் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இங்கே தன்னார்வலர் கெட்டிக்காரப் பெண். யாரிடமும் எதுவும் கேட்காமல் அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்திருக்கிறார். கணக்கு சரியாக இருந்தது. காலி அட்டைகளைக்கூட அந்த அம்மா தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

அடுத்து உப்பு. ஊறுகாய், கருவாடு இரண்டும் வீட்டில் உண்டு. களிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பில் உப்பும் தூக்கலாகவே இருக்கும். குறைக்கச் சொன்னோம், ஓரளவு குறைத்தார்கள். எண்கள் 160-க்குக் கீழே வரவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகமும் உப்பலாக இருந்தது. மருமகள் அதைச் சந்தோஷமாகவே சொன்னார்: 'அத்தை இப்பதான் கொஞ்சம் சதை போட்டிருக்காங்க.'

அந்தச் சமயத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுத்த படியாக நீர் பிரியும் மாத்திரை ஒன்றை மூன்றாவதாகச் சேர்க்கலாம் என்று பேச்சு இருந்தது. வழக்கமான வரிசைப்படி பார்த்தால் அது தவறே இல்லை.

மஞ்சப்பை

மூன்றாவது மருந்துக்கு முன்னால் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தன்னார்வலருடன் போனேன். 'வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?' என்று கேட்டதற்கு இல்லை என்றார். 'உடம்பு வலிச்சா என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டபோது பதில் உடனே வந்தது. 'அதுக்கு செட்டுதான்.'

மருமகள் உள்ளே போய், சுவரில் ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்து வந்தார். உள்ளே மருந்துக்கடையில் மடித்துக் கொடுக்கும் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தேன். மூன்று மாத்திரை, ஒரு கேப்சூல். கேப்சூல் கேஸுக்கு. மாத்திரைகளில் ஒன்று டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, ஒன்று பாராசிட்டமால். மூன்றாவது, பொட்டலத்தின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த, கம்பு மணியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மாத்திரை. அட்டையிலிருந்து பிரித்தெடுத்தவை என்பதால் எதிலும் பெயர் இல்லை. கடையில் போய்க் கேட்டுத்தான் அது டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு, என்று உறுதி செய்தோம்.

காலையில் ஒரு செட்டு, வேலை அதிகமான நாளில் சாயங்காலம் இன்னொன்று. மூன்று வருடமாக இப்படி. களை எடுப்பு, அறுப்பு, நூறு நாள் வேலை நடக்கும் மாதங்களில் ஒரு நாளும் தவறியதில்லை. பிரஷர் மாத்திரையை எவ்வளவு ஒழுங்காகப் போட்டாரோ, அதே ஒழுங்கில்.

நாங்கள் கேட்டபோது அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் கணக்கில் மாத்திரை என்றால் ஆஸ்பத்திரி கொடுப்பது; செட்டு என்பது டீ மாதிரி, வேலைக்குப் போகும் முன் குடிப்பது.

மருத்துவர் எடுத்த முடிவும் காரணமும்

பொட்டலத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.6 இருந்தது. பெண்களுக்குச் சுமார் 1.1 வரை இருக்கலாம். அவர் வயதுக்கு 1.6 என்றால் சிறுநீரகம் கிட்டத்தட்ட பாதிக்கும் குறைவான வேகத்தில் வடிகட்டுகிறது என்று அர்த்தம். சிறுநீரில் லேசாகப் புரதம். இதுவரை சுகர் இல்லாதவருக்குச் சாப்பிட்ட பின் சுகர் 200-ஐ ஒட்டி இருந்தது.

நீர் மாத்திரை சேர்க்கும் யோசனையை மருத்துவர் அங்கேயே கைவிட்டார். காரணத்தை எங்களுக்கும் விளக்கினார். டைக்ளோஃபினாக் வகை வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். பிரஷர் ஏறும், எனலாப்ரில் போன்ற மருந்தின் வேலையும் மழுங்கும். வலி மருந்து, எனலாப்ரில், நீர் மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும் அபாயம் உண்டு. இரண்டு ஏற்கெனவே உள்ளே இருந்தன. மூன்றாவதை நாங்கள் கொடுக்க இருந்தோம்.

முகம் உப்பியது, சுகர் ஏறியது, கையில் லேசாகப் பட்டாலே கன்றிப்போனது எல்லாம் ஸ்டீராய்டின் அடையாளங்கள். இங்கேதான் கவனம் தேவைப்பட்டது. வலி மாத்திரையை அன்றே நிறுத்தலாம். ஸ்டீராய்டை அப்படி நிறுத்தக் கூடாது. வருடக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைச் செய்வதை விட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, பிரஷர் அடியோடு சரிவது, சில சமயம் உயிருக்கே ஆபத்து. 'அந்தக் கண்ட மாத்திரையெல்லாம் இன்னிக்கே தூக்கிப் போடு' என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அதனால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ப்ரெட்னிசோலோன் என்ற வேறொரு ஸ்டீராய்டாக மாற்றி, வாரங்கள் கணக்கில் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மருமகள் அதைக் காலண்டரில் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டார்.

அம்லோடிபின் 10-இலிருந்து 5 ஆனது. அதிக அளவில் அந்த மருந்தே கணுக்காலில் வீக்கம் தரும். எனலாப்ரில் தொடர்ந்தது. இரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்ப்பது என்று முடிவானது.

வலி எங்கிருந்து வந்தது

செட்டை நிறுத்தச் சொல்வது சுலபம். அது எதற்காக வந்ததோ அந்த வலி அப்படியே இருக்கிறதே.

ஃப்ளோரோசிஸ், அதாவது தண்ணீரில் கூடுதலாக இருக்கும் ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய், என்ற சந்தேகத்தில் செய்யும் மூன்று எளிய சோதனைகள் உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடச் சொல்வது, தாடையை நெஞ்சில் வைக்கச் சொல்வது, கைகளை நீட்டி மடக்கிப் பின்னந்தலையைத் தொடச் சொல்வது. குனிந்தபோது இவர் விரல்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டன. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. பற்களில் பழுப்புக் கோடுகள். பல் உருவாகும் சின்ன வயதிலேயே ஃப்ளோரைடு உடம்புக்குள் போனால்தான் அந்தக் கோடு விழும். அவர் பிறந்து வளர்ந்தது பக்கத்து ஊர். மருத்துவக் கல்லூரியில் எடுத்த எக்ஸ்ரேயில் முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எலும்பு ஃப்ளோரோசிஸ் என்று உறுதி செய்தார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இது புதிய கதை அல்ல. இங்குள்ள கடும்பாறைகளின் கனிமங்களில் ஃப்ளோரைடு உண்டு. போர் ஆழமாகப் போகப் போக, தண்ணீர் பாறையோடு கிடக்கும் காலமும் கூடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை என்பது இந்தியத் தர அளவு, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் தெரியும்; 3-ஐத் தாண்டிய தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்பில். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்து, 2013-இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது.

சிறுநீரகம் பழுதானால் ஃப்ளோரைடு வெளியேறுவதும் குறையும் என்பது இந்த நிகழ்வில் முக்கியமான முடிச்சு. தண்ணீரால் வலி, வலிக்கு மாத்திரை, மாத்திரையால் சிறுநீரகம், சிறுநீரகத்தால் இன்னும் ஃப்ளோரைடு.

தண்ணீர்

ஊரில் ஒகேனக்கல் குழாய் இருக்கிறது. வீட்டு வாசலிலேயே குழாய். அப்படியானால் பிரச்சினை எங்கே என்று பார்த்தோம்.

பிரச்சினை இரண்டு. காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. வராத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றி அதே குழாயில் விடுகிறார்கள். அந்த வீட்டுக்கு எது எந்த நாள் என்று தெரியாது. இரண்டாவது, கொல்லையில் இருக்கும் போரிலிருந்து ஒரு குடம் தினமும் வீட்டுக்கு வருகிறது. சமையலுக்கும் டீக்கும் அதுதான். 'காவேரித் தண்ணி சப்புன்னு இருக்கு, போர் தண்ணியில போட்டாத்தான் டீ ருசி' என்றார் அந்த அம்மா. கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

சோதனையில் கொல்லைப் போர் தண்ணீரில் லிட்டருக்கு 3.4 மில்லிகிராம் வந்தது. காவிரி வந்த நாளில் பிடித்த குழாய்த் தண்ணீர் 0.5. காவிரி வராத நாளில் அதே குழாயில் 2.1.

எடுத்த முடிவு எளிமையானது: காவிரி வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளுக்குத் தேவையானதை மூடி போட்ட டிரம்மில் பிடித்து வைப்பது, போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, மாட்டுக்கு மட்டும். எது எந்த நாள் என்பதைத் தண்ணீர் திறந்துவிடுபவர் மருமகளுக்குப் போனில் சொல்வதாக ஒப்புக்கொண்டார். சுத்திகரிப்பு மிஷின் வாங்கலாமா என்று மகன் கேட்டார். ஆர்.ஓ. ஃப்ளோரைடை நீக்கும், சரிதான். ஆனால் வாசலில் நல்ல தண்ணீர் வரும்போது அந்தச் செலவு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

டீயையும் பேசினோம். தேயிலையிலேயே ஃப்ளோரைடு உண்டு. இவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, பால் போடாமல், போர் தண்ணீரில் குடிப்பவர். கறவை மாடு வைத்திருக்கும் வீட்டில் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விடுகிறது! சுண்ணாம்புச் சத்து போதாத உடம்பில் ஃப்ளோரைடு கூடுதலாகக் கெடுக்கும். டீ இரண்டாகக் குறைய, ஒரு டம்ளர் பால் வீட்டில் நிற்க வேண்டும் என்று பேசி முடித்தோம். ராகி ஏற்கெனவே சாப்பிடுகிறார். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் அது, அதில் மாற்ற ஒன்றுமில்லை. புளி சாப்பிட்டால் ஃப்ளோரைடு சிறுநீரில் கூடுதலாக வெளியேறுகிறது என்று ஆய்வுகள் உண்டு, ஊரிலும் சொல்வார்கள். புளிக்குழம்பு இந்த வீட்டில் தினமும் உண்டு. அதை மருந்தாக நம்பி, கூடவே வரும் உப்பைக் கூட்டுவதில் அர்த்தமில்லை என்று அதை அப்படியே விட்டுவிட்டோம்.

செட்டை விட்ட வாரங்கள்

முதல் மூன்று வாரம் மோசம். ஸ்டீராய்டு குறையக் குறைய உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி. பாராசிட்டமால் 650, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் இல்லை, வெந்நீர் ஒத்தடம், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வந்து சொல்லிக் கொடுத்த இடுப்பு, கழுத்துப் பயிற்சிகள். இவை செட்டு கொடுத்த சுகத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதை முன்கூட்டியே சொல்லியிருந்தோம். ஆனாலும் ராகி களை எடுப்பு வந்தபோது பேரனை அனுப்பி இரண்டு செட்டு வாங்கிவிட்டார். மருமகள் தன்னார்வலரிடம் சொன்னார். யாரும் திட்டவில்லை. என்ன வேலை செய்யும்போது வலி தாங்கவில்லை என்று மட்டும் கேட்டோம்.

கிடைத்த பதிலிலிருந்து ஒரு முடிவு வந்தது. குனிந்து செய்யும் வேலைதான் அவரை வீழ்த்துகிறது. நூறு நாள் வேலையில் மண் வெட்டி அள்ளுவதிலிருந்து மாற்றி, வேலைத்தளத்தில் குடிதண்ணீர் கொடுக்கும் வேலைக்குப் போடும்படி பணித்தளப் பொறுப்பாளரிடம் மருத்துவச் சீட்டோடு போய்ப் பேசினோம். ஒரு வாரம் இழுத்தடித்து ஒத்துக்கொண்டார். கொல்லையில் களைக்குப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஆள் மாற்று: அவர்கள் இங்கே களை எடுக்க, இவர் அவர்கள் பிள்ளைகளையும் மாட்டையும் பார்த்துக்கொள்வது. என் பார்வையில், செட்டை விட வைத்ததில் இந்த இரண்டு ஏற்பாட்டுக்கும் இருக்கும் பங்கு எங்கள் அறிவுரைக்கு இல்லை.

நான்கு மாதம் கழித்து

ஆறாவது வாரம் பிரஷர் 152/92. நான்காம் மாதம் 136/84, அதுவும் முன்பைவிடக் குறைந்த மருந்தில். கிரியேட்டினின் 1.6-இலிருந்து 1.2. முழுதாகத் திரும்பவில்லை, திரும்பாமலும் போகலாம். சுகர் வழக்கமான அளவுக்கு வந்துவிட்டது. முகத்தின் உப்பல் வடிந்ததைப் பார்த்து 'இளைச்சுப் போயிட்டீங்களே' என்று ஊரார் வருத்தப்பட்டார்களாம்.

எலும்பில் படிந்தது படிந்ததுதான். குனிந்தால் விரல்கள் இப்போதும் கால் விரலைத் தொடுவதில்லை. வலி இருக்கிறது. ஆனால் இரவில் எழுந்து உட்காருவதில்லை என்கிறார். காலையில் இறுக்கம் விட முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஆனது, இப்போது பயிற்சி செய்தால் அரை மணிக்குள் நடமாட முடிகிறது.

மருந்துக்கடை

டைக்ளோஃபினாக்கும் டெக்ஸாமெத்தசோனும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. கடைக்காரரிடம் பேசியபோது, 'நான் தரலைன்னா அடுத்த கடையில வாங்கிக்குவாங்க. கூலிக்குப் போறவங்க ஆஸ்பத்திரியில வந்து உக்கார முடியுமா?' என்றார். முதல் பாதி சாக்கு. இரண்டாம் பாதி உண்மை. மருத்துவர் மூலம் மேலே எழுத்தில் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த வெள்ளை மாத்திரையை இப்போது கொடுப்பதில்லை என்கிறார் கடைக்காரர். அது உண்மையா என்பது வீடுகளில் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இனி மாற வேண்டியவை

ஏட்டில் பிரஷருக்கும் சுகருக்கும் கட்டம் இருக்கிறது, வலிக்கு இல்லை. எங்கள் பகுதியில் ஓரத்தில் கையால் ஒரு கட்டம் போட்டு, 'வலிக்கு என்ன சாப்பிடுகிறார்' என்று எழுதத் தொடங்கியிருக்கிறோம். 'வேறு மருந்து உண்டா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்; வலியைக் கேட்டால் பை வெளியே வருகிறது. முதல் சுற்றிலேயே அதே தெருவில் இன்னும் நான்கு பெண்கள் செட்டில் இருப்பது தெரிந்தது. அவர்களில் ஒருவருக்குச் சுகருக்கு மாத்திரை போய்க்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு நின்ற பிறகு அது தேவைப்படுமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு மருந்து போட்டும் பிரஷர் இறங்காதவர்களுக்கு மூன்றாவதை எழுதும் முன் கிரியேட்டினின் பார்ப்பது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும் அட்டவணை இங்கேயே போடப்பட்டால் தர்மபுரிக்கு அலைச்சல் மிச்சமாகும். அதற்கு மருத்துவர் தொடர்ந்து ஒரே ஆளாக இருக்க வேண்டும், அது எங்கள் கையில் இல்லை.

தொட்டியில் இரண்டு தண்ணீரும் கலப்பது இன்னும் நிற்கவில்லை. போர் தண்ணீருக்குத் தனிச் சின்டெக்ஸ் தொட்டியும் தனிக் குழாயும் கேட்டு, சோதனை முடிவுகளை இணைத்து ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். அந்த அம்மாவின் பேரன்களில் பெரியவனுக்கு ஒன்பது வயது. முன்பற்களில் வெள்ளைத் திட்டுக்கள் தெரிகின்றன. சின்னவனுக்கு நான்கு, நிலைப்பல் இன்னும் முளைக்கவில்லை. மனுவில் அவர்கள் வகுப்புப் பிள்ளைகளின் பல் பரிசோதனையையும் சேர்த்திருக்கிறோம். அந்த அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் பார்ப்பது தொடர்கிறது.